குனிஞ்சு நின்னு பார்த்த உலகம்: ஹங்கேரிய நாடக ஆசிரியர் இஷ்த்வான் எர்கேன்

கால ரெண்டையும் நல்லா அகட்டி நில்லுங்க, இடுப்போட முன்னாடி குனிங்க, அப்படியே ரெண்டு காலுக்கும் நடுவுல பின்பக்கம் பாருங்க. கிரோட்டெஸ்க்னா, அதாவது கோரமும் வேடிக்கையும் கலந்த பார்வைன்னா, என்னன்னு விளக்க வந்த இஷ்த்வான் எர்கேன் இப்படித்தான் ஆரம்பிக்கிறாரு. ஒரு பக்கத்துக்கு மேல போகாத சின்ன எழுத்து அது, கதைன்னும் சொல்லலாம் கட்டுரைன்னும் சொல்லலாம். குனிஞ்சு நின்னா எல்லாம் தலைகீழா தெரியும்ல, அந்த நிலையிலயே ஒரு சவ அடக்கத்தைப் பாருங்கன்றாரு. நிமிர்ந்து நின்னு பார்த்தா தொண்டையை அடைக்கிற காட்சி, குனிஞ்சு பார்த்தா வேற ஏதோவா மாறிடுது, ஆனா செத்தவர் செத்தவர்தான்.

ஹங்கேரிய இலக்கியம்னு பேச்சு வந்தா 2002ல நோபல் வாங்கின இம்ரே கெர்தேஸ், 2025ல வாங்கின லாஸ்லோ க்ராஸ்னஹோர்காய் இவங்க பேருதான் முதல்ல வரும். எர்கேன் (1912–1979) பேரு வெளிநாட்டு வாசகர்கிட்ட அவ்வளவா போய்ச் சேரல, ஆனா ஹங்கேரிக்குள்ள அவரோட 'ஒரு நிமிஷக் கதைகள்' தெரியாதவங்க ரொம்ப கம்மி. நாடகம், நாவல், குறுநாவல், சிறுகதை எல்லாம் எழுதியிருக்காரு. விமர்சகர்கள் அவரை, வாழ்க்கையோட அர்த்தமின்மையைக் காட்டுற அபத்த நாடகக்காரர்னு சொல்லி பெக்கெட், அயனெஸ்கோ பக்கத்துல உக்கார வச்சிருவாங்க. எனக்கு அது பத்தாதுன்னு படுது. அவரு எழுதினதுல பாதி அவரு கண்ணால பார்த்தது, மீதி பாதி அவரே செஞ்சது. வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கிட்டு படிச்சா அபத்தம்னு நாம நினைக்கிற இடமெல்லாம் நேரடி சாட்சியமா மாறும், அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

1912 ஏப்ரல் 5, புடாபெஸ்ட். வசதியான யூதக் குடும்பம், அப்பா மருந்துக்கடைக்காரர், பையனும் மருந்துக்கடைக்குத்தான் வரணும்னு நினைச்சவரு. பையன் பார்மசி படிச்சு டிகிரி வாங்குறாரு, பின்னாடி கெமிக்கல் இன்ஜினியரிங் டிகிரியும் வாங்குறாரு, ஆனா மனசு முழுக்க எழுத்துல. 1937ல 'கடல் நடனம்'னு ஒரு கதை, 'செப் ஸோ'ங்கிற பத்திரிகையில வருது. ஹங்கேரியோட மகா கவிஞர்கள்ல ஒருத்தரான அத்திலா யோஜெஃப் அப்ப அந்தப் பத்திரிகையோட ஆசிரியர்கள்ல ஒருத்தர். பைத்தியக்காரங்க அதிகாரத்துக்கு வர்ற கதை, 1937ல ஐரோப்பாவுல இருந்துக்கிட்டு எழுதின கதை, அதுல என்ன சொல்ல வர்றாருன்னு யாரும் விளக்கத் தேவையில்ல. அப்புறம் கொஞ்ச காலம் லண்டன், பாரிஸ்னு இருந்துட்டு 1940ல ஊருக்குத் திரும்புறாரு.

திரும்பின நேரம் மோசமான நேரம். ஹங்கேரி ஜெர்மனியோட கூட்டாளி. 1938ல இருந்து யூதர்களுக்கு எதிரா ஒண்ணு பின்னாடி ஒண்ணா சட்டம் வந்துக்கிட்டே இருக்கு. யூதர்கள் கையில ஆயுதம் குடுக்கக்கூடாது, அதனால ராணுவத்துல அவங்களுக்குன்னு 'தொழிலாளர் படை'ன்னு ஒண்ணு. துப்பாக்கி கிடையாது, பலருக்கு யூனிஃபார்மும் கிடையாது, சொந்தத் துணிமேல கையில ஒரு மஞ்சள் பட்டை, வேலை என்னன்னா பள்ளம் தோண்டுறது, பாதை போடுறது, கண்ணிவெடி புதைச்ச இடத்துல நடந்து அதை எடுக்கிறது. 1942ல எர்கேனையும் அதுல சேர்த்து ரஷ்யாவுக்கு, டான் நதிக்கரைக்கு அனுப்பிடுறாங்க.

டான்னு சொன்னா ஹங்கேரியர்களுக்கு இன்னிக்கும் ஆறாத புண். ஹங்கேரியோட இரண்டாம் படை, கிட்டத்தட்ட 2 லட்சம் பேர், கூடவே பல்லாயிரம் தொழிலாளர் படை ஆளுங்க, இவங்களை நீளமான ஒரு நதிக்கரையைக் காவல் காக்கச் சொல்லி நிறுத்தினாங்க. சரியான பீரங்கி இல்ல, குளிருக்குப் போதுமான துணி இல்ல. 1943 ஜனவரி 12ம் தேதி சோவியத் படை தாக்க ஆரம்பிச்சுது, கொஞ்ச நாள்ல படை உடைஞ்சு போச்சு, செத்தவங்க, காயம்பட்டவங்க, பிடிபட்டவங்க எல்லாரையும் சேர்த்தா 1 லட்சத்துக்கு மேல. உறையிற பனியில பின்வாங்கி நடந்த கூட்டத்துல நடந்தே செத்தவங்க எத்தனையோ பேர். எர்கேன் பிழைச்சாரு, ஆனா சோவியத் கைதியா. முகாம்லயே வருஷங்கள் போச்சு. 1946 கடைசியிலதான் புடாபெஸ்ட் வந்து சேர்ந்தாரு.

முகாம்ல அவரு பண்ணின வேலை, கூட இருந்தவங்க சொல்றதை எழுதி வச்சதுதான். விவசாயி, வாத்தியார், ஆபீசர், சமையல்காரன்னு எல்லாரும் எப்படி டான் வரைக்கும் வந்தோம்னு சொல்றாங்க, இவரு கேட்டுக்கிட்டே எழுதுறாரு. 1947ல 'முகாம்களின் மக்கள்'னு புத்தகம் வந்துது. அதுல கிரோட்டெஸ்க் ஒண்ணும் இல்ல, நிதானமான, நேரான எழுத்து. பின்னாடி அவரு எழுதின எல்லாத்துக்கும் அடித்தளம் இந்தக் கேட்டு எழுதின பழக்கம்தான்னு நான் நம்புறேன்.

இனி வர்ற பகுதியை அவரோட ரசிகர்கள் சில பேர் வேகமா தாண்டிப் போயிடுவாங்க, நான் நின்னு சொல்லிட்டுத்தான் போவேன். போருக்கு அப்புறம் எர்கேன் கம்யூனிஸ்ட் ஆட்சியை நம்பினாரு. நாஜிகளோட கூட்டு வச்சு தன்னைக் கண்ணிவெடி வயல்ல நிறுத்தின பழைய ஹங்கேரிக்குப் பதிலா வர்ற எதுவும் நல்லதாத்தான் இருக்கும்னு ஒருத்தர் நம்பினதை என்னால புரிஞ்சுக்க முடியுது. 1948ல 'வொரோனெஷ்'னு போர் நாடகம். 1951ல 'தம்பதிகள்'னு ஒரு நாவல், கட்சி சொன்ன அச்சுல வார்த்த சோசலிச யதார்த்தவாத நாவல். கம்யூனிஸ்ட் தலைவர் ரகோஷியோட ஆட்சியில கொடுமையான வருஷங்கள் அது, ராத்திரி கதவைத் தட்டி ஆளைக் கூட்டிட்டுப் போற காலம். அந்தக் காலத்துல அவரு எதிர்த்து எழுதல, ஒத்துப்போய் எழுதினாரு. 1952ல 'ஊதா மை'ன்னு ஒரு கதை எழுதி லேசா அச்சை விட்டு விலகினாரு, உடனே கலாச்சாரத்தைக் கையில வச்சிருந்த அமைச்சர் யோஜெஃப் ரேவாயே நேர்ல இறங்கி அந்த ஒரு கதையைக் கண்டிச்சு கட்டுரை எழுதினாரு. ஒரு மந்திரி ஒரு சிறுகதைக்குப் பதில் எழுதுறாருன்னா அந்த நாட்டுல கதைக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும்னு பாருங்க.

1953ல ஸ்டாலின் செத்ததுக்கு அப்புறம் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது. 1956 அக்டோபர் 23ம் தேதி புடாபெஸ்ட்ல சோவியத் பிடிக்கும் கட்சி ஆட்சிக்கும் எதிரா புரட்சி வெடிச்சுது. அக்டோபர் 30ம் தேதி ரேடியோ ஒரு அறிவிப்பைப் படிக்குது. இத்தனை வருஷமா இந்த ரேடியோ பொய்யோட கருவியா இருந்துச்சு, கட்டளையை நிறைவேத்துச்சு, ராத்திரியில பொய் சொல்லுச்சு, பகல்ல பொய் சொல்லுச்சு, எல்லா அலைவரிசையிலயும் பொய் சொல்லுச்சுன்னு. அதை எழுதினது எர்கேன். அந்த மூணு வாக்கியத்தை ஹங்கேரியில இன்னிக்கும் அரசியல் பேசுறவங்க எடுத்துச் சொல்லுவாங்க. அஞ்சே நாள் கழிச்சு, நவம்பர் 4ம் தேதி, சோவியத் டாங்கிகள் உள்ள வந்து எல்லாத்தையும் முடிச்சு வச்சுது. சுமார் 2 லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினாங்க. எழுத்தாளர் திபோர் தேரிக்கு 9 வருஷம் ஜெயில் தண்டனை, நாடக ஆசிரியர் ட்யூலா ஹாய்க்கு 6 வருஷம். எர்கேன் ஜெயிலுக்குப் போகல, ஆனா அவரு எழுதினது எதுவும் அச்சுல வரக்கூடாதுன்னு ஆயிடுச்சு. கையில ரெண்டு டிகிரி இருக்கே, ஒரு மருந்து தயாரிக்கிற ஃபேக்டரியில கெமிக்கல் இன்ஜினியரா வேலைக்குச் சேர்ந்தாரு. 1958ல இருந்து கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் அந்த வேலைதான். 46 வயசுல ஒரு எழுத்தாளனை லேப்ல கொண்டுபோய் உக்கார வச்சாங்க.

அந்த அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எழுதின எர்கேன் வேற, பின்னாடி எழுதின எர்கேன் வேற. முன்னாடி நல்ல எழுத்தாளர், அவ்வளவுதான். பின்னாடி வந்தவரு மாதிரி எழுத அந்த மொழியில அதுக்கு முன்னாடி யாரும் கிடையாது.

இப்ப 'தோத் குடும்பம்'. ஹங்கேரியன்ல 'தோதேக்'. குறுநாவலா எழுதி, அதுவே நாடகமாகி 1967 பிப்ரவரியில புடாபெஸ்ட்ல தாலியா தியேட்டர்ல மேடை ஏறுச்சு. கதை இரண்டாம் உலகப் போர் சமயம், மலையடிவாரத்துல ஒரு அமைதியான கிராமம். லாயோஷ் தோத் அந்த ஊரு தீயணைப்புத் தலைவர், ஊரே மதிக்கிற ஆளு. மனைவி மாரிஷ்கா, பொண்ணு ஆகிக்கா. பையன் ட்யூலா ரஷ்யப் போர்முனையில. பையன்கிட்ட இருந்து லெட்டர் வருது, எங்க மேஜர் நரம்பு தளர்ச்சியில இருக்காரு, ரெண்டு வாரம் ஓய்வுக்கு நம்ம வீட்டுக்கு வர்றாரு, நல்லா பார்த்துக்கோங்க, அவரு மனசு வச்சா என்னைக் குளிர் இல்லாத தலைமையிடத்துக்கு மாத்திக்குவாருன்னு. குடும்பம் முழுசும் சந்தோஷத்துல தலைகால் புரியாம நிக்குது.

மேஜர் வர்றாரு. மரியாதையானவரு, கத்துறது அடிக்கிறது ஒண்ணும் பெருசா இல்ல. முதல்ல சின்ன விஷயம். தோத் உயரமான ஆளு, பேசும்போது அவரு கண்ணு தன் முதுகுக்குப் பின்னாடி எதையோ பார்க்குதுன்னு மேஜருக்கு ஒரு பதட்டம். போர்முனையில முதுகுக்குப் பின்னாடி எதுவும் இருக்கலாம் இல்லையா. சரி, தோத் தன்னோட தீயணைப்பு ஹெல்மெட்டைக் கண்ணு மறைக்கிற மாதிரி இழுத்து விட்டுக்கட்டும்னு முடிவாகுது. ஊர்ல கம்பீரமா போட்டுட்டுப் போற அந்த ஹெல்மெட் இப்ப மூக்கு மேல இறங்கிடுச்சு. அப்புறம் ராத்திரி தூக்கம் வராத மேஜர், அம்மாவும் பொண்ணும் கூடுதல் வருமானத்துக்கு அட்டைப்பெட்டி மடிக்கிறதைப் பாக்கறாரு, நானும் பண்ணட்டுமான்னு கேக்கறாரு. அவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போகுது, சும்மா இருந்தாதான் மனுஷனுக்கு ஆபத்துன்னு அவருக்கு ஒரு கொள்கை. அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரியா மொத்தக் குடும்பமும் அட்டைப்பெட்டி செய்யுது. அட்டை வெட்டுற கருவி சின்னதா இருக்குன்னு தோத் பெருசா ஒண்ணு செஞ்சு குடுக்கறாரு. தூக்கம் இல்லாம ஆள் உருக்குலையறாரு, பாதிரியார் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கறாரு, வீட்டு வாசல்ல இருக்கிற கக்கூஸ்ல போய் கதவைச் சாத்திக்கறாரு. மாரிஷ்காவும் பொண்ணும் ஒவ்வொரு தடவையும் கெஞ்சிக் கூட்டிட்டு வர்றாங்க. எல்லாம் ட்யூலாவுக்காக.

இதுல உயிரை உறைய வைக்கிற விஷயம் இன்னொண்ணு. ட்யூலா செத்துட்டான். மேஜர் வந்து சேர்ந்த கையோட அந்தத் தந்தியும் ஊருக்கு வந்துடுது. ஆனா அந்த ஊரு தபால்காரர் மனசுல ஒரு கோளாறு இருக்கிற ஆளு, அவருக்குத் தோத் குடும்பத்தைப் பிடிக்கும், அதனால அவங்களுக்கு வர்ற கெட்ட சேதியெல்லாம் மழைத்தண்ணி பீப்பாய்ல போட்டுடுவாரு, நல்ல சேதியை மட்டும் குடுப்பாரு. அதனால நாம எல்லாருக்கும் தெரியும், அந்த வீட்டுக்கு மட்டும் தெரியாது. ஹெல்மெட் இன்னும் ஒரு இன்ச் கீழ இறங்கும்போது சிரிக்கிற வாயி பாதியில நின்னுடும், ஏன்னா யாருக்காக இறங்குதோ அவன் இல்ல.

இந்த நாடகத்தை அதிகாரம் கொடூரமானதுன்னு சொல்ற நாடகமா மட்டும் படிச்சா பாதி கைநழுவிப் போயிடும். மேஜர் ஒரு நோயாளி, டான் பக்கத்துல நரம்பு அறுந்து வந்தவரு. தபால்காரர் நல்ல எண்ணத்துல பண்றாரு. அம்மா பாசத்துல பண்றாங்க. அந்த வீட்டுல நடக்குற ஒவ்வொரு குனிவும் அன்புல இருந்துதான் வருது, ஒருத்தரும் பணத்துக்கோ பதவிக்கோ குனியல. அதை எழுதறதுக்கு வெளியில நின்னு பாத்தா முடியாது. நல்ல நோக்கத்துக்காகத்தானேன்னு சொல்லிக்கிட்டே 1951ல அந்த நாவலை எழுதின கைதான் இதையும் எழுதியிருக்கு. இன்னிக்கு ஒரு இன்ச், நாளைக்கு ஒரு இன்ச்னு ஹெல்மெட் எப்படி இறங்கும்னு அவருக்குத் தன் தலையிலயே தெரியும். நாடகத்துக்கு முன்னாடி அவரு ஒரு கேள்வி வச்சிருக்காரு: ஒரு பாம்பு தன்னைத்தானே முழுங்கிட்டா, அந்த இடத்துல ஒரு பாம்பு அளவு வெற்றிடம் மிச்சம் இருக்குமா? ஒரு மனுஷனை அவனோட மனுஷத்தன்மையையே தின்ன வைக்கிற அளவு வன்முறைன்னு ஒண்ணு இருக்கா? இருக்கா, இல்லையான்னு கேட்டுட்டு, கஷ்டமான கேள்விதான்னு விட்டுடறாரு.

முடிவைச் சொல்லிடறேன், முடிவு தெரிஞ்சாலும் இந்த நாடகம் வலு குறையாது. ரெண்டு வாரம் முடிஞ்சு மேஜர் கிளம்பிப் போறாரு. வீடு மூச்சு விடுது. கொஞ்ச நேரத்துல மேஜர் திரும்பி வந்து நிக்கிறாரு, பார்ட்டிசான்கள், அதாவது மறைஞ்சிருந்து தாக்குற கெரில்லாக்கள், பாலத்தை வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க, ரயில் இல்ல, இன்னும் மூணு நாள் லீவுன்னு. தோத் அவரை மெதுவா வெளிய, தான் செஞ்ச அந்தப் பெரிய அட்டை வெட்டுற கருவி இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறாரு. திரும்பி வந்ததும் மாரிஷ்கா கேக்கறாங்க, மூணு துண்டாவா? இல்ல, நாலு சமமான துண்டா, தப்பு பண்ணிட்டேனா? இல்லங்க, நீங்க சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. அப்புறம் படுக்கப் போறாங்க. எப்பவும் அசந்து தூங்குற மனுஷன் அன்னிக்கு ராத்திரி புரண்டு புரண்டு முனகுறாரு.

1970ல இதுக்கு பாரிஸ்ல கருப்பு நகைச்சுவைக்கான பரிசு குடுத்தாங்க. 1969ல ஜோல்தான் ஃபாப்ரி படமா எடுத்தாரு, மேஜரா நடிச்சது ஜோல்தான் லாட்டினோவிட்ஸ், தோத்தா இம்ரே ஷின்கோவிட்ஸ். லாட்டினோவிட்ஸோட அந்த மேஜரைப் பார்த்தவங்களுக்குப் பயமும் பரிதாபமும் சேர்ந்தே வரும்.

இதெல்லாம் எப்படி மேடைக்கு வர விட்டாங்கன்னு கேள்வி வரலாம். 1956க்கு அப்புறம் வந்த யானோஷ் காதாரோட கம்யூனிஸ்ட் ஆட்சி முதல்ல ஆளுங்களைத் தூக்குல போட்டுச்சு, ஜெயில்ல போட்டுச்சு, 60கள்ல கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துச்சு. கலாச்சாரத்தைக் கையில வச்சிருந்த ட்யோர்ட் ஆட்ஸேலோட முறைக்கு 'மூணு த' ன்னு பேரு: ஆதரிக்கிறது, பொறுத்துக்கிறது, தடை பண்றது. ஹங்கேரியன்ல அந்த மூணு வார்த்தையும் 'த'வுலதான் ஆரம்பிக்கும். எர்கேன் பெரும்பாலும் நடு 'த'வுல இருந்தாரு. போர்க்கால மேஜரைப் பத்தின கதைதானேன்னு விட முடிஞ்சுது, பார்க்குறவங்க யாரு மேஜர்னு அவங்கவங்க மனசுல வச்சுக்கிட்டாங்க.

'ஒரு நிமிஷக் கதைகள்' 1968ல புத்தகமா வந்துது. வாரப் பத்திரிகையில வர்ற ஒரு பக்கக் கதை மாதிரி கடைசி வரியில திருப்பம் வர்ற சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. சிலது அரைப் பக்கம், சிலது நாலு வரி, சிலது வெறும் விளம்பரம் மாதிரி, அறிவிப்பு மாதிரி இருக்கும். முன்னாடியே ஒரு உபயோகிக்கும் முறை குடுத்திருக்காரு, மருந்து டப்பாவுக்குள்ள வர்ற சீட்டு மாதிரி. முட்டை வேகுற நேரத்துல, போன்ல எதிர்ப்பக்கம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்கிற நேரத்துல படிச்சுக்கலாம். தலைப்பை நல்லா பார்த்துக்கோங்க, ட்ராம்ல ஏறுறவங்க நம்பரைப் பார்த்துட்டுத்தானே ஏறுவாங்க. புரியலைன்னா திரும்பப் படிங்க, அப்பவும் புரியலைன்னா தப்பு கதை மேலதான், முட்டாள் மனுஷங்கன்னு யாரும் கிடையாது, மோசமான ஒரு நிமிஷக் கதைதான் உண்டுன்றாரு. வாசகனை இவ்வளவு மரியாதையா நடத்துற முன்னுரையை நான் வேற எங்கயும் படிச்சதில்ல.

எல்லாத்தையும் விட எனக்கு மறக்காதது 'டாக்டர் க. ஹ. க. நினைவாக'. தொழிலாளர் படைக் கைதி ஒருத்தர், செத்துப்போன குதிரையைப் புதைக்கக் குழி தோண்டிக்கிட்டே காவலுக்கு நிக்கிற ஜெர்மன் சிப்பாய்கிட்ட கேக்கறாரு, ஹோல்டர்லினைத் தெரியுமா? அது யாருன்றான் சிப்பாய். ஹைப்பீரியன் எழுதினவரு, ஜெர்மன் ரொமாண்டிக் காலத்தோட பெரிய ஆளுன்னு இவரு ஆசையா விளக்குறாரு, விளக்குறதுன்னா அவருக்கு அவ்வளவு பிடிக்கும். சரி ஹைனே? இவங்கல்லாம் யாருன்னு சிப்பாய் சத்தமா கேக்கறான். கவிஞர்கள். ஷில்லர் பேரு தெரியுமா? தெரியும்னு சொல்றான். ரில்கே? அவரையும் தெரியும்னு சொல்லிட்டு, மூஞ்சி மிளகாப்பழம் மாதிரி செவந்து டாக்டரைச் சுட்டுடறான். அவ்வளவுதான் கதை. வெறுப்பு, நாஜி, யூதன்னு ஒரு வார்த்தை கிடையாது. தன் சொந்த மொழியோட கவிஞனைப் பத்தி, தன் காவல்ல குழி தோண்டுறவன் தனக்கே சொல்லிக் குடுக்கறானேங்கிற அவமானம் ஒண்ணு போதும் துப்பாக்கி வெடிக்க. ஒரு நாவல்ல சொல்ல வேண்டியதை அஞ்சாறு வரியில வச்சிருக்காரு.

இன்னொரு கதை பாதாள அறையில நடக்குது. உடைஞ்ச ஜன்னல் வழியா பந்து உள்ள விழுந்துடுது, வாட்ச்மேனோட மரக்கால் வச்ச பொண்ணு எடுக்கக் கீழ போகுது. இருட்டுல ஏதோ அசையுது, பூனைன்னு நினைச்சு செல்லமா கூப்பிடுது. அது ஒரு கிழட்டு எலி. பிறந்ததுல இருந்து தன்னை யாரும் இப்படி அன்பா கூப்பிட்டதில்லையேன்னு அந்த எலி யோசிக்குது, பூனையா பிறந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும், இல்ல இந்த மரக்கால் பொண்ணா பிறந்திருந்தா? அதுக்கு மேல அதால கற்பனை பண்ணவே முடியல, அவ்வளவு அழகா இருந்துச்சாம் அந்த நினைப்பு.

வீடு மாத்திக்கிற விளம்பரம் ஒண்ணு உண்டு. யோலியோ க்யூரி சதுக்கத்துல இருக்கிற ரெண்டு ரூம் வீட்டை, அதே சதுக்கத்துல இருக்கிற அதே ரெண்டு ரூம் வீட்டுக்கு மாத்திக்கிறேன், பணம் எவ்வளவானாலும் பரவாயில்லன்னு. தலைப்பு நிரந்தர ஏக்கங்கிற மாதிரி ஒண்ணு. கவிதை கேட்டு மனசு கரைஞ்சு போன ஒரு டெலிபோன் பூத் தெருவை விட்டுக் கிளம்பி நடந்து போயிடுற கதையும் உண்டு. கல்லறையில இருந்து ஒரு பொம்பளை எழுந்து வந்து என்ன விசேஷம்னு கேக்க, வந்தவங்க யோசிச்சுப் பார்த்து பெருசா ஒண்ணும் இல்லம்மான்னு சொல்ல, அவ திரும்பக் குழிக்குள்ளயே போயிடுற கதையும் உண்டு, நடுவுல ரெண்டு உலகப் போர் காலம் போயிருக்குன்றதை நாமதான் நினைச்சுப் பார்த்துக்கணும்.

'பூனை விளையாட்டு' இதுல இருந்து தள்ளி நிக்கிற நாடகம், 1971ல சோல்னோக்ங்கிற ஊர்ல காபோர் செகேய் இயக்கி மேடை ஏறுச்சு. திருமதி ஓர்பான்னு அறுபது தாண்டின விதவை புடாபெஸ்ட்ல. அக்கா கிஸா மேற்கு ஜெர்மனியில கார்மிஷ்ல, வசதியா, வீல் சேர்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல லெட்டரும் போன் காலும், அதுதான் மொத்த நாடகமும். தங்கச்சிக்கு இந்த வயசுல ஒரு பழைய ஆபெரா பாடகர் மேல காதல், சிநேகிதி ஒருத்தி குறுக்க வந்து அவரைத் தட்டிக்கிட்டுப் போறா. அக்கா நிதானமா இருன்றா, தங்கச்சியால அது முடியாது. பக்கத்து வீட்டு அம்மாவும் இவளும் சேர்ந்து பூனை மாதிரி மியாவ் மியாவ்னு கத்தி விளையாடுறது உண்டு, தலைப்பு அதுலருந்துதான். தோத் ஹெல்மெட்டைக் கண்ணுல இழுத்து விட்டுக்கிட்டாரு, இவங்க யாரு என்ன சொன்னாலும் தலையைக் குனிய மாட்டேங்கிறாங்க, வயசுகிட்டயும் குனியல. அதனாலதான் ரெண்டையும் அடுத்தடுத்துப் படிக்கணும்னு சொல்லுவேன். காரோய் மாக் 1974ல எடுத்த படம் ஆஸ்கார்ல வெளிநாட்டுப் பட நாமினேஷன் வரைக்கும் போச்சு.

1973ல அரசாங்கம் கோஷுத் விருது குடுத்துது, நாட்டோட பெரிய விருது. அதே அரசாங்கம் அவரோட 'ரத்தப் புயலில் பிஷ்டி' நாடகத்தைப் பத்து வருஷம் மேடை ஏற விடல. 1969லயே எழுதி முடிச்சது. பிஷ்டின்றது இஷ்த்வான்ங்கிற பேரோட செல்லச் சுருக்கம், அதாவது அவரோட பேரே. அந்தப் பிஷ்டி ஒரு ஆளில்ல, ஒருத்தனே பல ஆளா பிரிஞ்சு வர்றான், ஒருத்தன் துணிஞ்சவன், ஒருத்தன் தயங்குறவன், சில இடத்துல அவன் சாகுறவன், சில இடத்துல அவனே சாகடிக்கிறவன், செத்தும் திரும்ப வர்றான். 20ம் நூற்றாண்டு ஹங்கேரி மொத்தமும் அந்த ஒருத்தன் மேல நடந்து போகுது. நாங்க பாதிக்கப்பட்டவங்க மட்டும்தான்னு சொல்லிக்கிற எந்தச் சமூகத்துக்கும் இந்த நாடகம் கசக்கும், ஆட்சிக்கு ஏன் கசந்துச்சுன்னு சொல்லவே வேணாம். தன்னையும் சேர்த்துத்தான் எழுதினாருன்றதுக்கு அந்தப் பேரே சாட்சி.

1977ல வந்த 'ரோஜாக் கண்காட்சி' நாவலைச் சுருக்கமா சொல்லிடறேன். டிவியில வேலை பார்க்கிற ஒரு இளைஞன் சாவைப் பத்தி டாக்குமெண்டரி எடுக்கணும்னு கிளம்புறான், சாகப்போற மூணு பேரு ஒத்துக்கறாங்க, கேமரா முன்னாடி சாகறதுக்கு. ஒளிப்பதிவு வசதிக்குத் தகுந்த மாதிரி சாவே மெல்ல மெல்ல வளைஞ்சு குடுக்குது. எல்லாத்தையும் கேமராவுக்குக் காட்டுற பழக்கம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே எழுதினது, இப்ப படிச்சா நேத்து எழுதின மாதிரி இருக்கு.

படிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு, ஒரு நிமிஷக் கதைகள் ஜூடித் சொல்லோஷி மொழிபெயர்ப்புல இங்கிலீஷ்ல கிடைக்குது. தோத் குடும்பமும் ரோஜாக் கண்காட்சியும் ஒரே புத்தகமா இங்கிலீஷ்ல 1982ல வந்திருக்கு. கதைகள்ல ஆரம்பிங்க, ஒரே மூச்சுல வரிசையா படிக்காதீங்க, ஒரு நாளைக்கு ரெண்டு போதும்.

பிஷ்டி கடைசியில 1979 ஜனவரியில மேடை ஏறுச்சு, எழுதி பத்து வருஷம் கழிச்சு. எர்கேன் அப்பவே நோயில இருந்தாரு. இருந்தும் இன்னொரு நாடகத்தைக் கையில வச்சுக்கிட்டு இருந்தாரு, 'திரைக்கதை'ன்னு பேரு. ஒரு சர்க்கஸ் கூடாரத்துல நடக்கிற விசாரணை. நாஜிகளை எதிர்த்து நின்ன ஒரு வீரன் குற்றவாளிக் கூண்டுல, தான் செய்யாத துரோகத்தையெல்லாம் செஞ்சேன்னு ஒத்துக்கிற வரைக்கும் அவனைக் கொண்டுபோறாங்க. ரகோஷி காலத்துல, 1949ல, லாஸ்லோ ரைக்னு ஒரு மந்திரியை இப்படித்தான் ஒத்துக்க வச்சு தூக்குல போட்டாங்க. அந்த வருஷங்கள்ல தான் என்ன எழுதிக்கிட்டு இருந்தோம்னு எர்கேனுக்கு நல்லாவே ஞாபகம் இருந்துச்சு. கடைசி மாசங்கள் முழுக்க அந்த நாடகத்தோடயே இருந்து எழுதி முடிச்சாரு. 1979 ஜூன் 24ம் தேதி புடாபெஸ்ட்ல இறந்தாரு. அது மேடைக்கு வந்தப்ப அவரு இல்ல.